தவமலர் மலாவிக்குப் போன மூண்டு கிழமை

யூலை 5, சனி

இல்லைத் தவம், நான் குறுக்க நிக்கேல்லை. குறுக்க நிக்கிறதெண்டா வானுக்கு முன்னால படுத்திருப்பன். நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. அதுக்கு நீ சொன்னது ஒரு மறுமொழியே? “அறுபத்தேழு வயசில மூண்டு கிழமை தனிய இருக்கேலாத மனிசன் கடலுக்கு எப்பிடிப் போய் வந்தனீங்கள்?” எண்டாய். கடல் வேற. கடலில வள்ளத்துக்கு நாலு பேர் இருப்பாங்கள்.

அதைச் சொல்ல வாயெடுக்க, நீ ஏறி, பாக்கை மடியில வச்சு, பாஸ்டர் றொபி கதவைச் சாத்தி, வான் போட்டுது. விடிய நாலு மணியில இருந்து மிச்சக் கதை என்ர வாயில நிக்குது. இப்ப பின்னேரம் மூண்டு. துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. அதுதான் எழுதுறன்.

இது உன்ர தையல் அளவுக் கொப்பி. கோவிக்காத. முன்பக்கத்தில ஆற்றையோ இடுப்பு முப்பத்தாறு, கைநீளம் ஒன்பது எண்டு கிடக்கு. நான் பின்பக்கத்தில இருந்து வாறன். அஞ்சாம் வகுப்பு எழுத்து, பிழை கிடக்கும். வந்து திருத்து.

மலாவி. அப்பிடியொரு நாடு இருக்கெண்டு போன வருசம் உனக்கே தெரியாது. றொபித் தம்பி சபைச் சுவரில படம் போட்டுக் காட்டினவனாம். நீளமா ஒரு பெரிய ஏரி, கரை முழுக்க மீன்பிடிக்கிற ஊர், வீட்டுக்கு வீடு குடி. “அன்ரி, உங்கட சாட்சிதான் அங்க வேணும், தையலும் பழக்கலாம்” எண்டவனாம். உடன என்ர மனிசி பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்கு ஓடினது. கலியாணத்துக்குக்கூட இவ்வளவு அவசரப்படேல்லை.

குடிகாரர் வேணுமெண்டா ஏன் பிளேன் ஏறுவான்? இஞ்ச ஆலங்குடாவில நடந்து போய்ப் பாக்கலாம்.

நான் கேட்ட கேள்வியை எழுதி வைக்கிறன், பேந்து நான் அப்பிடிக் கேக்கேல்லையெண்டு சாதிக்காத. “இந்த முறை போகாம விட்டா என்ன?” எண்டு கேட்டன். ஏன் அப்பிடிக் கேக்கிறியள் எண்டு நீ கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டன். அது வேற கதை.

யூலை 6, ஞாயிறு

கோழியள் ஆறு முட்டை போட்டிருக்கு. ஆருக்காம்?

யூலை 7, திங்கள்

முத்தலிபின்ர கடையில இருந்தன். தொண்ணூற்றஞ்சில யாழ்ப்பாணத்தில இருந்து நாங்கள் பெட்டி படுக்கையோட வந்து இறங்கேக்குள்ள முதல் தேத்தண்ணி தந்தவன் அவன்தான். முப்பது வருசமா அதே தேயிலையைத்தான் அவிக்கிறான் எண்டு நினைக்கிறன். “உன்ர தேத்தண்ணியில ஞானஸ்நானம் குடுக்கலாம் முத்தலிபு, அவ்வளவு தண்ணி” எண்டன். “ஒங்கட பாவத்துக்கு இது பத்தாது மச்சான். ஒங்கள கடல்லதான் போட்டு அமுக்கணும்” எண்டான்.

நீ வட்ஸ்அப்பில அனுப்பின குரல் அங்கதான் வந்தது. கடையில எல்லாருக்கும் கேக்கப் போட்டுவிட்டன். “சுகமா வந்து சேந்திட்டம். இஞ்ச சரியான குளிர். சுவெற்றர் போட்டிருக்கிறன்.” ஆபிரிக்காவுக்குச் சுவெற்றர் கொண்டு போறாளெண்டு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சது நான். இப்ப முத்தலிபு என்னைப் பாத்துச் சிரிக்கிறான். தேத்தண்ணி வாங்க வந்தவையும் சிரிக்கினம்.

விடுவனோ? சிங்கம் கண்டனியோ எண்டு கேட்டு அனுப்பினன். “ஆடு கண்டன். தாடி உங்களைப்போல” எண்டு வந்தது.

வீட்டை வந்து அதை இன்னும் ரெண்டு தரம் போட்டுக் கேட்டன். பகிடிக்கில்லை. சும்மா.

யூலை 8, செவ்வாய்

படம் வந்தது. அங்கயும் நெத்தலி மாதிரி ஒரு பொடி மீன். தடி நட்டு, தட்டி கட்டி, இடுப்பளவு உயரத்தில காயப்போட்டிருக்கினம். நாங்கள் மண்ணில கொட்டி, மண்ணோட அள்ளி, மண்ணோட விக்கிறம். ஆர் ஆருக்கு ஊழியம் செய்யோணும் தவம்? றொபித் தம்பியைக் கேட்டுச் சொல்லு.

சோளகக் காத்து உரப்பு. ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. வள்ளமெல்லாம் கரையில குப்புறக் கிடக்கு.

யூலை 9, புதன்

இண்டைக்கு எழுதிப்போடுறன். கொப்பிக்குத்தானே சொல்லுறன், சபைக்கில்லையே.

உன்ர சாட்சி எனக்குப் பாடம். மெசின் மிதிச்சுக்கொண்டே சொல்லிப் பழகுவாய். “என்ர கணவர் இருபத்தெட்டு வருசம் குடிச்சவர். நாப்பது நாள் உபவாசம் இருந்து செபிச்சன். நாப்பதாம் நாள் பின்னேரம் அந்த ஆசையே அவரை விட்டுப் போட்டுது. இண்டைக்கு வெறும் போத்தலைக் கண்டாலும் திரும்பிப் பாக்கமாட்டார்.” அந்த இடத்தில நீ ஒரு மூச்சு எடுப்பாய். சனம் அல்லேலூயா சொல்லும்.

குடிச்சது உண்மை. விட்டதும் உண்மை. நாப்பதாம் நாளும் உண்மை. ஆசை போட்டுதெண்டது மட்டும் பொய்.

அது ஒரு நாளும் போகேல்லைத் தவம். பின்னேரம் ஆறு மணிக்கு வரும். நாக்குக்குக் கீழ ஈரம் ஊறும். ரெண்டு தோளும் கீழ இறங்கும், ஆரோ பின்னால வந்து கை வச்ச மாதிரி. பேந்து ஒரு கோவம் வரும், ஆரில எண்டில்லாத கோவம். ஏழு, ஏழரை மட்டும் நிண்டிட்டுப் போகும். அடுத்த நாள் ஆறுக்குத் திரும்ப வரும். பஸ்கூட இப்பிடி நேரத்துக்கு வராது.

ஆறு மணிக்கு நான் உன்னைப் பிடிச்சு வைச்சுப் பகிடி பண்ணுறது ஏனெண்டு நினைச்சனி? உன்ர மூக்கு, உன்ர பாட்டு, உன்ர பாஸ்டர்... எல்லாத்துக்கும் ஒரு நையாண்டி. “உந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போடோணும்” எண்டு நீ மெசினை இன்னும் கெதியா மிதிப்பாய். வாய் ஓடிக்கொண்டிருந்தா தொண்டை சும்மா கிடக்கும். அவ்வளவுதான் சங்கதி. நீ கூட்டத்துக்குப் போற நாளில முத்தலிபின்ர கடை.

இப்ப மெசினில துணி போத்திக் கிடக்கு. அதைப் பாத்து என்னெண்டு பகிடி பண்ணுறது?

இந்த முறை போகாம விட்டா என்னவெண்டு கேட்டது இதுக்குத்தான்.

யூலை 10, வியாழன்

நேற்றுப் பாதிதான் எழுதினன். மிச்சம் நாப்பதாம் நாள்.

நீ பகல் முழுக்கப் பச்சைத்தண்ணி, பொழுதுபட்டாப் பிறகு ஒரு பிடி சோறு. முப்பது நாளுக்குப் பிறகு அந்தப் பிடியும் இல்லை. நான் கவனிச்சனோ? வெறியில வந்து விழுவன், வெறியில எழும்புவன். நாப்பதாம் நாள் முடிஞ்சிட்டுது, இனிச் சாப்பிடுவாள் எண்டு நினைச்சன். அண்டு வெள்ளன வந்தனான், அவ்வளவு வெறியில்லை. நீ கிணத்தடியில விழுந்து கிடக்கிறாய். வாளி உருண்டு கிடக்கு. தூக்கினா பாரமில்லை. சட்டை மட்டும்தான் கையில இருக்கு எண்டு ஒருக்கா நினைச்சன். கண்ணைத் திறந்து முதல் சொன்னது என்ன தெரியுமோ? “நாளைக்கு இன்னொரு நாப்பது தொடங்கிறன்” எண்டாய்.

இவள் செத்துப்போடுவாள்.

“தேவையில்லைத் தவம், போட்டுது, இப்பத்தான் போனது, ஆசையே இல்லை, கஞ்சி குடி” எண்டன். வாயில வந்ததைச் சொன்னன். அப்பவும் என்னில சாராயம் மணக்குது. நீ என்ர முகத்தைப் பாத்தாய். அழத் தொடங்கினாய். பேந்து கஞ்சி குடிச்சாய். ரெண்டு கோப்பை.

அவ்வளவுதான் அற்புதம். உன்னைச் சாப்பிடப்பண்ணச் சொன்ன பொய். அடுத்த நாள் ஆறு மணிக்கு அது வந்து நிக்குது, நீ அடுப்படியில பாட்டுப் பாடிக்கொண்டு நிக்கிறாய். எப்பிடிக் குடிக்கிறது? அண்டு தொடங்கினது, குடியாத இந்தப் பதினொரு வருசம்.

யூலை 11, வெள்ளி

தவம் முதல் ஊரில சாட்சி சொல்லிப்போட்டாளாம். குரல் அனுப்பியிருக்கிறாள், சந்தோசத்தில மூச்சு வாங்குது. “இஞ்சாருங்கோ, மரத்துக்குக் கீழ நூறு பேருக்கு மேல. றொபித் தம்பி இங்கிலீசில சொல்ல, அங்கத்தையப் பிள்ளை ஒண்டு அவையின்ர பாசையில சொன்னது. பொம்பிளையள் அழுதவை. உங்கட படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டவை.”

எந்தப் படம் தெரியுமோ? மகள் றஜனியின்ர கலியாணத்தில கோட்டுப் போட்டு எடுத்தது. கோட்டு இரவல். ஒரு பொம்பிளை படத்தைத் தொட்டுக் கண்ணில ஒத்தினதாம். ஐயோ சீவனே. என்ர படத்தைக் கண்ணில ஒத்தினதாம்.

“பகிடி ஒண்டும் இல்லையோ?” எண்டு கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

கோட்டின்ர பொத்தான் ஒண்டு இல்லை, அதைச் சொன்னனியோ எண்டு அனுப்பினன். வேற என்னத்தைச் சொல்ல.

யூலை 12, சனி

முத்தலிபின்ர மகள் ஸஃப்னாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. “ஆம்புளப் புள்ள மச்சான். நாங்க எல்லாரும் புத்தளம் போறோம். ஒரு கெழமைக்கி கடை மூடு” எண்டு தொதல் துண்டொண்டு கையில வச்சான். பேரன் உன்னைப்போல கஞ்சனா வரட்டும் எண்டு வாழ்த்திவிட்டன். சிரிச்சுக்கொண்டு போட்டான்.

றஜனி வவுனியாவில இருந்து போன் எடுத்தாள். “அப்பா, தனியக் கிடந்து என்ன செய்யிறியள்? இஞ்ச வந்து நில்லுங்கோ.” கோழியளை ஆர் பாக்கிறதெண்டன். “கோழிக்கு உங்களைப் பாக்கத் தெரியும்” எண்டாள். என்ர மகள்தான்.

மருமகன் தங்கமான பொடியன். ஆனா அந்த வீட்டில பிறிஜ்ஜைத் திறந்தா முதல் கண்ணில படுறது போத்தல். வருசப்பிறப்புக்குப் போய் நிண்ட மூண்டு நாளும் நான் பச்சைத்தண்ணி கேட்டுக் கேட்டுக் குடிச்சன், ஒரு நாளும் நானா அதைத் திறக்கேல்லை. அப்பா எழும்பாம எல்லாம் கேக்கிறார், கிழவனாப் போனார் எண்டு பிள்ளை கவலைப்பட்டது.

யூலை 13, ஞாயிறு

இண்டைக்கு ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. சேவலைத் தவிர. சேவலுக்குப் பாஸ்டர் எண்டு பேர் வச்சிருக்கிறன், விடிய நாலுக்கு ஊரையே எழுப்புறதால.

யூலை 14, திங்கள்

ஆறுக்கு வீட்டில நிக்கேலாமல் ஆலங்குடாக் கரையால நடந்தன். வெள்ளைக்காரர் பட்டத்தை இடுப்பில கட்டிக்கொண்டு தண்ணிக்கு மேல ஓடினம். எங்களுக்குத் தொழிலைக் கெடுக்கிற காத்து அவைக்கு விளையாட்டு. ஒருத்தன் கரையேறி, சிரிச்சு, பியர் ரின் ஒண்டை நீட்டினான். நல்ல பிள்ளை. நோ தேங்க்ஸ் எண்டு கையை ஆட்டினன்.

கை ஆட்டினது. தொண்டை ஆட்டேல்லை. வீடு வாறவரைக்கும் அந்த ரின்னில இருந்து வடிஞ்ச தண்ணிதான் கண்ணுக்குள்ள.

யூலை 15, செவ்வாய்

கால் போத்தல்.

யூலை 16, புதன்

நேற்று நூல் வாங்கப் போறனெண்டு எனக்கே பொய் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினனான். நூலும் வாங்கினன். சாராயத் தவறணை மாறிப்போச்சு, கம்பிக்கு உள்ளால தருகினம். தாறவன் சின்னப் பொடியன், என்னை ஆரெண்டு தெரியாது. அது நல்லதாப் போச்சு.

வீட்டை கொண்டு வந்து உன்ர மெசினுக்குப் பக்கத்தில இருந்து குடிச்சன். ருசிக்கேல்லை எண்டு எழுதத்தான் விருப்பம். நல்லாத்தான் இருந்தது. பதினொரு வருசமும் எனக்காக அங்கயே காத்துக்கொண்டு நிண்ட மாதிரி. பேந்து சத்தி எடுத்தன். வயசு.

இது காலமை எழுதினது. இப்ப எழுதுறது ஏழரைக்கு.

ஆறுக்குக் கொஞ்சம் கிடக்கேக்குள்ள போன் அடிச்சது. வீடியோ. அங்க ரெண்டேகால், கூட்ட நேரம். எடுத்தா உன்ர முகம், பின்னால மரம், மரத்துக்குக் கீழ ஊர். “இஞ்சாருங்கோ, இந்தச் சனம் உங்களை உயிரோட பாக்கோணுமாம்” எண்டு சிரிக்கிறாய். பேந்து கிட்டப் பாத்து, “ஏன் கண் சிவந்திருக்கு?” எண்டாய். சோளகம், மண் பட்டிட்டுது எண்டன்.

நீ போனைச் சுத்திக் காட்டினாய். பிள்ளையள் முன்னால நெருக்கிக்கொண்டு கை காட்டுதுகள். பொம்பிளையள் சிரிக்கினம். என்ர முகத்தை ஒரு ஊரே பாக்குது, நான் சவரம்கூட எடுக்கேல்லை. றொபித் தம்பி போனை வாங்கி, “ஐயா, கர்த்தர் உங்களுக்குச் செய்ததை ஒரு வசனத்தில சொல்லுங்கோ” எண்டான். கர்த்தர் எனக்குத் தவமலரைத் தந்தார், அவள் இப்ப உங்களோட நிக்கிறாள், திருப்பி அனுப்புங்கோ எண்டன். அவன் சிரிச்சுச் சிரிச்சு இங்கிலீசில சொன்னான். சனமும் சிரிச்சது. அதோட விட்டிருக்கலாம்.

முன் வரிசையில ஒருத்தர் எழும்பினார். என்ர வயசில்லை, பத்து வருசம் குறைவு. தொழிலாளியின்ர கை, விரல் மூட்டெல்லாம் வீங்கி. அந்தக் கை ரெண்டையும் ஒண்டோடொண்டு பொத்திப் பிடிச்சிருந்தார். ஏன் அப்பிடிப் பிடிக்கிறதெண்டு எனக்குத் தெரியும். நடுங்கிறது தெரியாமல் இருக்கப் பிடிக்கிறது. அவர் ஏதோ கேட்டார். றொபி சொன்னான்: “ஐயா, பின்னேரம் வந்தா நீங்கள் என்ன செய்யிறனீங்கள் எண்டு கேக்கிறார்.”

பதினொரு வருசத்தில சபையில ஒரு சனம் இதை என்னட்டைக் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை. கடலுக்கு அங்கால இருந்து ஒருத்தர் எழும்பிக் கேக்கிறார்.

அந்தாளுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. “தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஆசை போகேல்லை. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு வருது. வந்தா ஆரோடயாவது வாய் அடிச்சுக்கொண்டு இருப்பன், அது போகுமட்டும். பதினொரு வருசம் அப்பிடித்தான் சமாளிச்சன். இப்ப கதைக்க ஆளில்லை. நேற்றுக் குடிச்சுப்போட்டன்.”

றொபி சனத்தின்ர பக்கம் திரும்பினான். பேந்து நாலே நாலு சொல்லுச் சொன்னான், அதில ஒண்டு பிறெயிஸ், ஸ்தோத்திரம். நான் சொன்னது அவ்வளவு கனக்க, அவன் சொன்னது நாலு சொல்லு. சனம் கை தட்டிச்சுது. நான் தோத்துப்போனன் எண்டதுக்கு ஒரு ஊரே நிண்டு கை தட்டுது. அந்த மனிசன் மட்டும் தட்டேல்லை. என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார்.

பேந்து போன் உன்ர கைக்கு வந்திருக்கோணும். உன்ர முகம் தெரியேல்லை. சிவப்பு மண் தெரிஞ்சது, உன்ர கால் தெரிஞ்சது, நான் வாங்கித் தந்த பாட்டாச் செருப்பு. நான் தவம், தவம் எண்டன். கட் ஆயிட்டுது.

யூலை 17, வியாழன்

இல்லை. குடிக்கேல்லை.

காலமை ஒரு குரல் அனுப்பினன். ரெண்டு நீலக் கோடு விழுந்தது, கேட்டிட்டாள். மறுமொழி இல்லை.

யூலை 18, வெள்ளி

இல்லை.

“கோழியள் உன்னைக் கேக்குது. வெள்ளைப்பேடு முட்டை போடமாட்டனெண்டு போராட்டம் நடத்துது” எண்டு அனுப்பினன். நீலக் கோடு. அவ்வளவுதான்.

யூலை 19, சனி

ஆறு மணிக்கு ஆறு பனை மரத்துக்கும் பேர் வச்சன். மாதா கோயிலில பூசைக்கு நிண்டுபோட்டு வந்தன், பாதியில. இல்லை.

அவள் கோவத்தில இருக்கிறாளோ, அழுகிறாளோ, மற்றவை கேட்டா என்ன சொல்லுறாளோ? அங்க அவளுக்கு ஆர் இருக்கினம்? றொபி பொடியன். அவளின்ர கோவத்துக்குப் பக்கத்தில இருந்து பழக்கப்பட்டது நான் ஒருத்தன்தான், அந்த நான்தான் காரணம்.

யூலை 20, ஞாயிறு

முத்தலிபு வந்திட்டான். கடை திறந்த உடன போய் இருந்தன். பேரன்ர படம் காட்டினான். நான் எல்லாத்தையும் சொன்னன், நாப்பதாம் நாளில இருந்து கால் போத்தல் வரைக்கும். அவன் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டான்.

“பதினொரு வருஷமா மஃரிபுக்கு பாங்கு செல்ற நேரம் பாத்து ஏன் எண்ட கடைக்கு வாறீங்கண்டு எனக்கு வெளங்காதா மச்சான்?” எண்டான். “எண்ட தேத்தண்ணி அவ்வளவு ருசியா?”

தெரிஞ்சும் ஏன் பூட்டிக்கொண்டு போனனி எண்டன்.

“பேரப்புள்ள மச்சான்” எண்டான். பேந்து, “போகக்குள்ள நெனச்ச நான். கேக்காமப் போனது எண்ட பிழ” எண்டான். தேத்தண்ணி ஒண்டை முன்னால வச்சான். இந்த முறை சாயம் கூட.

யூலை 22, செவ்வாய்

இல்லை. தொண்டை நோ. தனியக் கதைச்சுக் கதைச்சு.

யூலை 24, வியாழன்

தவத்திட்டை இருந்து எழுத்தில வந்திருக்கு. “சனி காலமை வருவம்.” குரல் இல்லை. நாலஞ்சு தரம் பாத்தன், கீழ வேற ஏதும் கிடக்கோ எண்டு.

யூலை 26, சனி

பத்து மணிக்கு வான் வந்தது. மெலிஞ்சிருக்கிறாள். வந்தவள் பாக்கை வச்சிட்டு நேரா கிணத்தடிக்குப் போய் அள்ளி அள்ளிக் குளிச்சாள். தலை துவட்டினாள். கோழிக்குத் தீன் போட்டாள். நான் பின்னால திரியிறன், வாய் நிக்கேல்லை. கறுத்துப்போனாய், சுவெற்றர் எங்க, பிளேனில சோறு தந்தவங்களோ. அவள் தீன் தட்டைக் கழுவிக் கவிட்டு வச்சாள். நெத்தலி பொரிச்சு வச்சிருந்தன். சாப்பிட்டாள். அது ஒரு ஆறுதல்.

அஞ்சு மணிக்குச் சபையில இருந்து ஒரு பிள்ளை செபத்துக்குக் கூப்பிட வந்தது. “நான் வரேல்லையெண்டு சொல்லு” எண்டாள். பேந்து என்னைப் பாராமல் சொல்லத் தொடங்கினாள்.

வீடியோ எடுத்த அடுத்த நாள் காலமை, கேள்வி கேட்ட அந்த மனிசன்ர வீட்டுக்குப் போனவளாம். யோசேப்பாம் பேர். நான் சொன்னதை ஒழுங்காச் சொல்லோணுமெண்டு றொபியைக் கூப்பிட்டிருக்கிறாள். றொபி, வேண்டாம் அன்ரி, வந்த வேலை கெட்டுப்போகும் எண்டிருக்கிறான். இவள் தன்னட்டைத் தையல் பழகுற பிள்ளையொண்டைக் கூட்டிக்கொண்டு, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசோட போயிருக்கிறாள். “நொட் கோ. எவ்ரி டே சிக்ஸ். மை ஹஸ்பன் டிறிங்” எண்டு சொன்னவளாம். அந்தப் பிள்ளைக்கு விளங்கி, அது வீட்டுக்காரருக்குச் சொல்லிச்சுதாம்.

“அவர் வாசல்ல இருந்து அழுதார். மனிசி மீனைத் தட்டியில புரட்டிக்கொண்டு நிண்டவள், நிப்பாட்டிப்போட்டு என்னட்டை ஒரு கேள்வி கேட்டாள்.” தவம் துவாயை மடிச்சு மடியில வச்சாள். “‘அப்ப இப்ப அவரோட ஆர் இருக்கினம்?’ எண்டு கேட்டாள்.”

நான் கோழியள் இருந்தது எண்டன்.

அதுக்குத்தான் கோவம் வந்தது. எழும்பி நிண்டு சொன்னாள். “பதினொரு வருசம் என்னைப் பொய்ச்சாட்சி சொல்ல வச்சிருக்கிறியள். கடவுளின்ர பேரைச் சொல்லி. எத்தினை பேருக்கு முன்னால. எத்தினை பொம்பிளையள் இதை நம்பி வீட்டை போய், தங்கட மனிசன் குடிச்சிட்டு வர, எங்கட செபம் பத்தாது எண்டு அழுதிருக்குங்கள்? அதை யோசிச்சனீங்களோ?”

யோசிக்கேல்லை. உண்மையா அதை ஒரு நாளும் யோசிக்கேல்லை. நான் என்ர ஆறு மணியை மட்டும்தான் யோசிச்சனான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாள், “எவ்வளவு குடிச்சனீங்கள்?” கால் போத்தல். “பேந்து?” இல்லை. போய் மெசினில கிடந்த துணியை எடுத்து உதறினாள்.

யூலை 27, ஞாயிறு

சபையில பின்னேரக் கூட்டம், பயணம் போனவை வந்து சொல்லுற நாள். நானும் போனன். தவம் வாங்கோ எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. கடைசி வரிசையில செருப்புக் கழட்டுற இடத்துக்குக் கிட்ட இருந்தன். றொபித் தம்பி கிட்ட வந்து குனிஞ்சு, “ஐயா, அண்டைக்கு எனக்கு வாய் எழும்பேல்லை” எண்டான். பரவாயில்லைத் தம்பி, சனம் நல்லாக் கை தட்டினது எண்டன். பாவம், முகம் சுருங்கிப்போச்சு. அதைச் சொல்லாம விட்டிருக்கலாம்.

படங்கள் சுவரில ஓடினது. ஏரி, தட்டியில மீன், தைக்கிற பொம்பிளையள். பேந்து தவத்தைக் கூப்பிட்டினம். அவள் வழமையா நிக்கிற இடத்தில நிண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“நான் பதினொரு வருசமா இதில நிண்டு சொன்ன சாட்சியில ஒரு வசனம் பிழை. ஆசை அவரை விட்டுப் போகேல்லை. அதோடதான் இருக்கிறார். எனக்கு இது இந்த மாசம்தான் தெரியும். இதைக் கேட்டு ஆரும் தங்கட செபத்தில குறையெண்டு நினைச்சிருந்தா, என்னை மன்னியுங்கோ.”

அவ்வளவுதான். வந்து இருந்திட்டாள். அல்லேலூயா ஒருத்தரும் சொல்லேல்லை. பொம்பிளையள் பக்கம் மூலையில ஒரு பிள்ளை தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. அதின்ர புருசனை எனக்குத் தெரியும்.

வெளியில வர ஆறு மணி. பஸ் இருந்தது. அவள் பஸ்ஸைப் பாக்காமல் கரைப் பாதையால நடக்கத் தொடங்கினாள், நானும் பக்கத்தில நடந்தன். எனக்கு நாக்குக்குக் கீழ ஊறத் தொடங்கிட்டுது. இண்டைக்குச் சொல்லிப்போடுவம், அவள் சபைக்கு முன்னால சொன்னவள், நான் இவள் ஒருத்திக்குச் சொல்லேலாதோ எண்டு நினைச்சன்.

தவம், அந்த நாப்பதாம் நாள் நான் ஏன் அப்பிடிச் சொன்னனான் தெரியுமோ எண்டன்.

“ஏன்?” எண்டு திரும்பினாள். நிண்டு கேட்டாள்.

எனக்கு வாய் பழக்கம். வேற மாதிரித் தொடங்கத் தெரியாது. நீ அண்டைக்குக் கிணத்தடியில நெத்தலிக் கருவாடு மாதிரிக் கிடந்தாய், காகம் தூக்கிக்கொண்டு போயிடுமோ எண்டு பயந்து நான்...

“உங்கட பகிடியை நாளைக்கு வச்சுக்கொள்ளுங்கோ” எண்டிட்டு முன்னால நடந்திட்டாள்.

பகிடியில்லைத் தவம் எண்டன். எதிர்க்காத்து, கேட்டதோ தெரியாது. எனக்கு முழங்கால் நோ, அவளின்ர நடைக்கு என்னால ஏலாது. வளைவு மட்டும் போனவள், அதில நிண்டாள். திரும்பி, நான் வாறனோ எண்டு பாத்தாள். பேந்தும் நடந்தாள்.